சாட்சியா, சூத்திரதாரியா? மணவீட்டுக்குப் படப்பிடிப்பாளரைத் தெரிதல் குறித்து

மணவீட்டுக்கு யாரைப் படம்பிடிக்க அழைப்பது என்னும் வினா, தமிழ்ச் சங்க மலரொன்றிலே கட்டுரைப் பொருளாதற்குத் தகுமா எனச் சிலர் ஐயுறலாம். இலக்கியத்தில் யதார்த்தம் பற்றியும் கலையின் சமுதாயப் பணி பற்றியும் ஓயாது வாதிடும் நாம், நம் வீடுகளில் மிகுந்த பொருட்செலவோடு ஆக்கப்பட்டு மிகுந்த பற்றோடு பேணப்படும் கலைப்பொருளாகிய திருமண அல்பத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதிருப்பதே உண்மையில் வியப்புக்குரியது. நாவலொன்றேனும் இல்லாத வீடுகள் பல. திருமணப் படமொன்றேனும் இல்லாத வீடு அரிது. இம்மலரைக் கையிலெடுக்கும் மாணவருட் பலர் சில ஆண்டுகளுள் இவ்வினாவுக்கு விடையளிக்க வேண்டியவராவர். விரிவுரையாளரோ தம் பிள்ளைகளின் பொருட்டு விடையளிப்பர். ஆதலின் இதனை அற்பப் பொருளென ஒதுக்குதல் தகாது.

இன்று பெரும்பாலோர் அளிக்கும் விடை யாது? முகநூலிலே ஒருவர் இட்ட பத்துப் படங்களைப் பார்க்கின்றனர். அவரது 'பக்கேஜ்' என்ன விலை என வினவுகின்றனர். உறவினர் வீட்டு விழாவுக்கு வந்தவரைவிடப் பெயர்பெற்ற ஒருவரைப் பிடித்தல் வேண்டுமென உறுதி கொள்கின்றனர். பின்னர் நிகழ்வது யாவரும் அறிந்ததே. மணநாளுக்கு முன்னரே மணமக்கள் கடற்கரைக்கும் மலைநாட்டுக்கும் அழைத்துச் செல்லப்பட்டு, ஓடுமாறும் திரும்பிப் பார்க்குமாறும் பணிக்கப்படுகின்றனர். வார இறுதியிலே பேராதனைப் பூங்காவுக்குச் சென்றோர், ஒரே மரத்தடியில் அடுத்தடுத்து வரிசையில் நின்று ஒரே பாவனையை நிகழ்த்தும் சோடிகளைக் கண்டிருப்பர். மணநாளன்று மண்டபத்திலே படப்பிடிப்பாளரும் அவரது உதவியாளரும் மணவறையைச் சூழ்ந்து நிற்க, வந்திருந்த சபையோர் அவர்களது முதுகுகளையே கண்டு, உண்டு, வீடு திரும்புகின்றனர்.

இக்கட்டுரை நிறுவ முற்படுவது ஒன்றே. திருமணத்துக்கு நாம் தெரிய வேண்டியவர் ஒரு சாட்சி. நாம் தெரிந்துவருவதோ ஒரு சூத்திரதாரியை. இவ்வேறுபாட்டை உணராது பணத்தை எவ்வளவு கொட்டினும் நாம் பெறுவது நமது திருமணத்தின் படமாகாது. திருமணமொன்றைப் போல நடிக்கப்பட்ட காட்சியின் படமே கிடைக்கும்.

சாட்சி என்பது திருமணத்தின் புறத்தே நிற்கும் அலங்காரமன்று. அதன் உட்கூறே சாட்சிதான். இருவர் இணைந்தனர் என்பதைப் பிறர் கண்டு ஏற்றுக்கொள்வதாலேயே அது திருமணமாகின்றது. நமது இந்துத் திருமணத்திலே அக்கினி சாட்சியாகின்றது, அருந்ததி சாட்சியாகின்றாள். தாலியைத் தட்டிலேந்திச் சபையிலுள்ள பெரியோரிடம் கொண்டுசென்று அவர்களது ஆசியைப் பெற்ற பின்னரே அது கட்டப்படுகின்றது. அவர்கள் அதனைத் தொடுதல், யாம் கண்டோம், யாம் இசைந்தோம் என்பதன் அறிகுறியாகும். தேவாலயத்திலும் சபையின் முன்னிலையிலேயே வாக்குறுதி பெறப்படுகின்றது. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டமும் பதிவாளர் முன்னிலையில் நிகழும் விவாகத்துக்கு இரு சாட்சிகளை வேண்டிநிற்கின்றது. சமயமும் சட்டமும் ஒன்றுபடும் இடம் இது. இச்சாட்சிகளின் வரிசையிலே இறுதியாக வந்து சேர்ந்ததே கமரா.

1839இலே பாரிசில் டாகர் என்பாரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டு, நிழற்படக்கலை பொதுவுடைமையாயிற்று. அக்கலை இலங்கைக்கு வந்து சேர அதிக காலம் செல்லவில்லை. ஆயினும் நீண்ட காலம் அது வசதிபடைத்தோரின் உரிமையாகவே இருந்தது. யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கத்தார் மணம் முடிந்த பின்னர் ஸ்ரூடியோவுக்குச் சென்று, தீட்டப்பட்ட திரைச்சீலையின் முன்னே, ஒருவர் அமர ஒருவர் நின்று எடுத்த படமே பல வீடுகளின் சுவரிலே தொங்கிற்று. பின்னர் படப்பிடிப்பாளர் வீட்டுப் பந்தலுக்கு வந்தார். அவரது 120ஆம் இலக்கப் பிலிம் சுருளில் சதுரப் படமெனிற் பன்னிரண்டே எடுக்கலாம்; 35 மில்லிமீற்றர்ச் சுருளில் முப்பத்தாறு எடுக்கலாம். இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த 1970-77 காலத்திலே ஒவ்வொரு படமும் எண்ணி எடுக்க வேண்டியதாயிற்று. தாலி கட்டும்போது ஒன்று. மாலை மாற்றும்போது ஒன்று. பெண் வீட்டார் ஒன்று. மாப்பிள்ளை வீட்டார் ஒன்று. இவ்வாறு எது முக்கியம் என்னும் வினாவைப் பிலிமின் வறுமையே எழுப்பிற்று. மரபு அதற்கு விடையளித்தது.

அக்காலப் படங்களும் செயற்கையானவை அல்லவா என ஒருவர் வினவலாம். ஆம், செயற்கையானவையே. தீட்டிய திரையும் இரவல் நாற்காலியும் எவ்வாறு இயற்கையாகும்? ஆனால் அச்செயற்கை, சடங்கு நிறைவெய்திய பின்னர் வேறோர் இடத்தில் நிகழ்ந்தது. சடங்கின் நடுவே புகுந்து, 'ஐயா, கொஞ்சம் நிறுத்துங்கோ. தம்பி, தாலியை இன்னொருக்காப் பிடியுங்கோ' எனக் கூறும் அதிகாரத்தை அக்காலப் படப்பிடிப்பாளர் பெற்றிருக்கவில்லை. முகூர்த்தத்தை நாள்பார்த்து, நாழிகை பார்த்து, சோதிடரிடம் பணங்கொடுத்துக் குறித்த குடும்பம், அந்த முகூர்த்தத்தையே கமராவின் பொருட்டு ஒத்திவைப்பதைக் காண்கையில் நகைப்பதா அழுவதா என்பது தெரியவில்லை. சடங்கிலே நம்பிக்கையுடையோர் இதனை எவ்வாறு பொறுக்கின்றனர்? நம்பிக்கையற்றோர் சடங்கைக் கைவிடாது இவ்வாறு நாடகமாக்குவதேன்?

பிரெஞ்சுச் சமூகவியலாளரான பியர் பூர்தியு 1965இல் வெளிவந்த தமது நிழற்படம் பற்றிய நூலிலே, தமது சொந்தப் பிரதேசமான பேயார்ன் நாட்டுப்புறத்துத் திருமணப் படங்களை ஆராய்ந்துள்ளார். அவ்வூரவர் படத்தை அழகுக்காக நோக்கவில்லை. யார் யார் வந்தனர், யார் எந்த உறவின் பேரில் எவ்விடத்தில் நின்றனர் என்பதை அறியவே நோக்கினர் என்பது அவர் கண்ட முடிவு. நமது பழைய குழுப்படங்களை எடுத்து நோக்குவோருக்கு இது புதுச் செய்தியன்று. பின்வரிசையில் அரைமுகம் தெரிய நிற்கும் சிறுவன் யார் என்று பேத்தி கேட்பாள், பாட்டி பதிலுரைப்பாள், ஒரு குடும்பத்தின் வரலாறு அங்கே வாய்மொழியாகக் கையளிக்கப்படும். ஏட்டிலே எழுதப்படாத வரலாறு அது.

இன்றைய நாகரிகப் படம் இந்த வரலாற்றுக்கு இரு வகையிற் பகையாகின்றது. முதலாவது, உறவினரை மறைத்தல். வில்லையின் துவாரத்தை அகலத் திறந்து, மணமகளின் கண்ணிமை மட்டும் தெளிவாகவும் அவளுக்குப் பின்னே நிற்கும் மாமி வெறும் வண்ணப் புகையாகவும் தோன்றுமாறு எடுத்தலே உயர்ந்த பாணி என இன்று மதிக்கப்படுகின்றது. தொழில்நுட்ப அளவில் அஃது ஓர் உத்தி. தேவையான இடத்தில் அதற்கு ஒரு பயனும் உண்டு. ஆனால் அல்பம் முழுவதும் அவ்வுத்தியே ஆளுமாயின் அதன் பொருள் யாது? இருவர் தவிர ஏனையோர் யாவரும் பின்புலம் என்பதே. பெற்றோர், தாய்மாமன், அயலவர், மூன்று நாளாகச் சமையற்கட்டில் நின்ற உறவுப் பெண்கள் ஆகிய அனைவரும் மூடுபனியாகிவிடுகின்றனர். தனிமனிதவாதத்தைக் கண்டித்து மேடையிலே முழங்கும் நாம், அதனை வில்லையின் வழியே வீட்டுக்குள் வரவேற்கின்றோம்.

இரண்டாவது, நிறத்தை மாற்றுதல். மணப்பெண்ணின் தோலைக் கணினியால் வெளுப்பாக்கி, முகத்தின் கோடுகளைத் துடைத்து, எல்லாப் பெண்களையும் ஒருத்தியாக்கும் வழக்கம் பரவியுள்ளது. நிழற்படத் தொழிலின் நிறவெறி நம் நாட்டில் மட்டும் தோன்றியதன்று. 1950களிலிருந்து கொடக் நிறுவனம் படம் கழுவும் கூடங்களுக்கு வழங்கிய நிறச்சரிபார்ப்பு அட்டைகளில் வெள்ளையினப் பெண்ணின் உருவமே இருந்தது. அவளது தோல் சரியாக வந்தால் படம் சரியென்பது விதி. கருந்தோலர் இருளாகப் போனது பற்றி நெடுங்காலம் எவரும் கவலைப்படவில்லை. இன்றைய கருவிகள் எந்நிறத்தையும் உள்ளவாறு காட்ட வல்லவை. கருவி திருந்திய பின்னரும் நாம் திருந்தாது, அக்குறையைப் பணங்கொடுத்து வாங்குகின்றோம். மாநிறமான மகளை வெள்ளையாக்கித் தருமாறு கேட்கும் தாய், தன் மகளை இவ்வூரார் முன்னே நிறுத்த நாணுகின்றாள் என்பதே அதன் பொருள். சீதனச் சந்தையிலே பெண்ணின் நிறத்துக்கும் விலை குறித்த சமுதாயத்தின் கடைசிக் கையொப்பம் அவ்வல்பத்திலே இடப்படுகின்றது.

இவையெல்லாம் ரசனைக் குறைபாடுகளே. இவற்றால் யாருக்கு என்ன கேடு என வினவுவோர் நமது அண்மைக்கால வரலாற்றை மறந்தவராவர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வீடுகளை விட்டு வெளியேறியபோது, எடுத்துச் செல்லக்கூடியன சிலவே. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கியபோது கிழக்கிலும் வடக்கிலும் கரையோர வீடுகள் சுவரோடு அழிந்தன. 2009இலே வன்னி மக்கள் ஊருக்கு ஊர் இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை சென்றபோது கையிலிருந்த பைகளும் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. இவ்வழிவுகளைக் கடந்து வந்த குடும்பங்களிற் சில, தம் முன்னோரின் முகம் காட்ட ஒரு படமும் இல்லாதன. சில, ஒரேயொரு திருமணப் படத்தை மாத்திரம் உடையன. அது வெளிநாட்டிலிருந்த உறவினருக்கு முன்னர் அனுப்பப்பட்டு, அங்கே தப்பியிருந்து, மீண்டு வந்த படமாகவும் இருக்கக்கூடும்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய, காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தைக் கண்டவர்கள் அவ்வுறவினர் கையிலேந்தி நின்ற படங்களையும் கண்டிருப்பர். அடையாள அட்டைக்கென எடுத்தவை சில. பாடசாலையில் எடுத்தவை சில. மணமாலையோடு நிற்பவை சில. மகிழ்ச்சியின் பொருட்டு எடுக்கப்பட்ட படம், இவர் இருந்தார், இவருக்கு இம்முகம் இருந்தது, இவரை இன்னார் மணந்தார் என அரசின் முன்னே சான்றுரைக்கும் ஆவணமாயிற்று. வால்ற்றர் பெஞ்சமின் 1936இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையிலே, யந்திர உற்பத்திக் காலத்தில் படத்தின் வழிபாட்டுத் தன்மை எங்கும் பின்வாங்கியபோதும், பிரிந்தோரையும் இறந்தோரையும் நினைவுகூரும் மனித முகத்திலே அது இறுதியாக நிலைகொண்டது என வாதித்தார். ஐரோப்பாவின் பழைய படங்களை எண்ணி அவர் எழுதியது, நமது தெருவோரக் கொட்டகைகளில் இரத்தமும் சதையுமாக நின்றது. அத்தாய்மாரின் கையிலுள்ள படம், சூரியனுக்கு எதிரே நிழலுருவாக எடுக்கப்பட்டதாயின், மென்பொருளால் வழித்துத் துடைக்கப்பட்டதாயின், அதனை அவர்கள் எதற்கு ஏந்துவர்? சாட்சியின் முதற் கடன் முகத்தை உள்ளவாறு காட்டுதல்.

எதிர்வாதங்களையும் நோக்குதல் வேண்டும். வாழ்வில் ஒருமுறை வரும் நாள். இளையோர் தாம் விரும்பியவாறு மகிழட்டுமே என்பது ஒன்று. மகிழ்ச்சியை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கடன்பட்டு, காலை நான்கு மணிக்கு எழுந்து, கட்டளைக்குச் சிரித்து, தன் திருமணத்தையே காணாது களைத்துப்போகும் மணமக்கள் உண்மையில் மகிழ்ந்தனரா என அவர்களையே வினவுக. படப்பிடிப்பு ஒரு கலை, கலைஞனுக்குச் சுதந்திரம் வேண்டும் என்பது மற்றொன்று. இதனை முழுமனதோடு ஒப்புகின்றேன். ஆயின் அச்சுதந்திரம் கண்ணின் சுதந்திரமாக இருக்கட்டும். பிறரை ஆட்டுவிக்கும் உரிமையாக வேண்டாம். நிகழ்வதைக் காத்திருந்து கண்டுபிடிப்பவனே கலைஞன். பெண்ணின் தந்தை ஒருவரும் காணாதவாறு தூணருகே கண்ணைத் துடைப்பதை எடுக்கத் தெரிந்தவனுக்கு எவரையும் ஓடச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது எதிர்வாதம் முற்போக்காளரிடமிருந்து வருவது. திருமணமே ஆடம்பரம், பதிவோடு நிறுத்துக, படம் எதற்கு என்பர் இவர்கள். பதிவுத் திருமணம் செய்வோர் மேன்மக்களே. ஆனால் படத்தை வெறுப்பது முற்போக்காகாது. ஏழையின் முகம் வரலாற்றிலே இடம்பெற்றதற்கு நிழற்படமும் ஒரு காரணம். ஓவியம் தீட்டுவித்தல் பிரபுக்களுக்கே இயன்றது; ஸ்ரூடியோவின் மலிவான படமோ தோட்டத் தொழிலாளிக்கும் தன் துணையோடு நிற்கும் முகமொன்றைத் தந்தது. அதனை மறுப்பவர் ஆடம்பரத்தை ஒழிக்கவில்லை. நினைவைச் செல்வருக்கு மட்டும் உரியதாக்குகின்றனர்.

படப்பிடிப்பாளர் மீது குற்றஞ் சுமத்துவதும் எமது நோக்கமன்று. அவர்கள் உழைப்பாளர். விடியற்காலை தொடங்கி நள்ளிரவு வரை நின்று, கடைசிப் பந்தியில் உண்டு, மீதிப் பணத்துக்கு மாதக்கணக்கில் நடப்போர் அவர்களுள் உளர். எதைக் கேட்கின்றோமோ அதையே தருகின்றனர். குற்றம் கேட்போருடையது. ஆதலின் எதைக் கேட்க வேண்டும் என்பதைக் கூறாது இவ்வாதத்தை முடித்தல் முறையன்று.

முதலாவதாக, ஒருவரது சிறந்த பத்துப் படங்களைக் கண்டு மயங்கற்க. ஏதேனும் ஒரு திருமணத்தின் படங்களை, அக்குடும்பத்தாரின் இசைவோடு, முதலிலிருந்து கடைசிவரை காட்டுமாறு கேட்க. பத்துப் படம் நன்றாதல் தற்செயலாகவும் நிகழும். ஒரு நாள் முழுவதும் கண் விழித்திருந்ததா என்பதை முழுத் தொகுதியே காட்டும். அதிலே முதியோர் எத்தனை பேர், சிறுவர் எத்தனை பேர், சமையற்கட்டு உண்டா, பந்தி உண்டா என எண்ணிப் பார்க்க. இரண்டாவதாக, கருநிறத்தாரை மண்டபத்து ஒளியிலும் ஓமப்புகையிலும் எவ்வாறு எடுத்துள்ளார் என நோக்குக; நிறத்தை மாற்றலாகாது என முன்கூட்டியே சொல்லுக. மூன்றாவதாக, தாலி கட்டும் வேளையில் எங்கே நிற்பீர் என அவரிடம் கேட்க. சபையை மறையாத ஓரிடத்தைச் சொல்பவரே உமக்குரியவர். சடங்கின் ஒழுங்கை அறியாதவராயின் குருக்களோடு முன்னரே பேசுவாரா எனவும் வினவுக.

நான்காவதாக, வருவது அவரா, அவர் பெயரில் வேறொருவரா என்பதையும், விலையையும், படங்கள் கைக்கு வரும் நாளையும், உமது இசைவின்றி முகநூலில் இடலாமா என்பதையும் எழுத்தில் வைத்துக்கொள்க. பேசிய பணத்தைத் தவணை தவறாது கொடுக்க. ஐந்தாவதாக, குழுப்படங்களுக்கென ஒரு பட்டியலை வீட்டுப் பெரியவர் ஒருவரைக்கொண்டு எழுதுவிக்க. யார் யாரோடு நிற்க வேண்டும் என்பது படப்பிடிப்பாளருக்குத் தெரியாது. பெரிய மாமிக்குத் தெரியும்.

ஆறாவதாக, கிடைத்ததைக் காக்க. இதுவே அதிகம் மறக்கப்படுவது. வெள்ளியாலான கறுப்பு வெள்ளைப் படங்கள் ஒழுங்காகக் கழுவப்பட்டிருப்பின் நூறாண்டு கடந்தும் நிற்கின்றன. 1970களின் நிறப்படங்கள் பலவோ சாயம் மங்கிச் செம்மை படர்ந்துவிட்டன. 1980களிலிருந்து வீடியோ நாடாவிலே திருமணத்தைப் பதிந்தோர் இன்று அதனை ஓட்டக் கருவி தேடி அலைகின்றனர், வீ.எச்.எஸ். கருவியைத் தயாரித்துவந்த கடைசி நிறுவனமும் 2016இல் அதனை நிறுத்திற்று. இன்றைய வன்தட்டும் ஒருநாள் அவ்வாறே ஓயும். மூவாயிரம் படங்களை ஒரு தட்டிலே வைத்திருப்பதினும், நூறு படங்களைக் காகிதத்தில் அச்சிட்டு, பின்புறத்திலே பென்சிலால் பெயரும் உறவும் ஊரும் ஆண்டும் எழுதி, ஒரு பிரதியை வேறோர் ஊரிலோ நாட்டிலோ உள்ள உறவினரிடம் ஒப்படைத்தல் மேல். இடப்பெயர்வு நமக்குக் கற்பித்த பாடம் அது.

இவை எவையும் பெருஞ்செலவை வேண்டுவன அல்ல. பெரும்பாலும் செலவைக் குறைப்பனவே. பட்டினத்துப் பெரும் பெயர்களை விட்டு, உமது ஊர்ச் சந்தியிலே சிறு ஸ்ரூடியோ நடத்தும், உறவுமுறைகளை அறிந்த, வாய் பேசாது கண்ணால் வேலை செய்யும் ஒருவரே இத்தேர்விலே தேறக்கூடும். அவரைத் தேடிச் செல்க. மணவறைக்கு முன்னே அவருக்கு ஓர் இடம் கொடுக்க. சபைக்கும் அதன் இடத்தைத் திருப்பிக் கொடுக்க. ஐம்பது ஆண்டுகளின் பின்னர் அப்படத்தை எடுத்துப் பார்க்கும் பேத்திக்கு நாம் எத்துணை அழகாக ஓடினோம் என்பது தேவையாயிராது. நாம் யார், நம்மோடு நின்றவர் யார் என்பதையே அவள் கேட்பாள். அவ்வினாவுக்கு விடைசொல்லக்கூடிய சாட்சியை இன்றே தெரிந்துகொள்வோம்.